நேற்றைவிட இன்று எப்படி?

அழகையாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று கண்டிக்குத் தெற்கே கம்பளைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் அவருக்குத் தெரிந்தவை ஐம்பது அறுபது சொற்கள். அவற்றில் பாதி உடம்பின் உறுப்புகள், மீதிப் பாதி அந்த உறுப்புகளுக்கு வரும் நோய்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆற்றங்கரையில் கூலிச் சனத்துக்கென்று இருந்த ஓலைக்கூரை ஆஸ்பத்திரியில், டாக்டர்துரைக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்க அவரை விட்டால் ஆள் கிடையாது.

அவர் அங்கே வந்ததே நோயாளியாகத்தான். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரத்தில் இடது கை மாட்டி மூன்று விரல்கள் போய்விட்டன. கை ஆற நாலு மாதம் பிடித்தது. சும்மா கிடக்கத் தெரியாத மனிதர், பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், துரை வாயைப் பார்த்துப் பார்த்துச் சொற்களைப் பொறுக்கினார். கை ஆறியபோது தோட்டத்துக் கங்காணி, இரண்டு விரலை வைத்துக்கொண்டு பழம் பறிக்க முடியுமா என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி அவரைப் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாசியாக வைத்துக்கொண்டது. அவர் மனைவி வேலாயியும் தோட்டத்தை விட்டு வந்து நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மண் அறை கிடைத்தது. பிள்ளைகள் இல்லை. பிறந்த இரண்டும் தோட்டத்து லயத்து வீட்டிலேயே இறந்துபோய்விட்டன.

பழைய டாக்டர்துரை இருந்தவரை இரண்டு சொல்லில் வேலை நடந்தது. ஒன்று 'குட்', மற்றது 'நோ குட்'. அதற்கு மேல் அந்தத் துரைக்கும் தேவைப்படவில்லை.

இந்தச் சனத்திடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 'தேவலைங்க' என்றுதான் பதில் வரும். காய்ச்சலில் பிதற்றுகிறவனும் தேவலைங்க, கண் செருகிக் கிடக்கிறவனின் பெண்சாதியும் தேவலைங்க. நோயாளி காதுபட, நோய் கூடிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் பலித்துவிடும். வாசலில் நிற்கிற யமனுக்குப் பாய் விரித்துப் போட்டது மாதிரி ஆகிவிடும். ராமநாதபுரம் சீமையிலிருந்து கடலைத் தாண்டிக் காட்டைத் தாண்டி நடந்து வந்த சனம் சட்டி பானையை வழியில் போட்டது, செத்தவர்களைக்கூட வழியில் போட்டது, இந்த வழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது.

அழகையாவும் அந்தச் சனத்தில் ஒருவர்தானே. 'தேவலைங்க' என்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, நோயாளியின் நாக்கைப் பார்ப்பார், பாதத்தில் விரல் வைத்து அமுக்கிப் பார்ப்பார், பிறகு துரையிடம் திரும்பி "நோ குட், சார்" என்பார். நோயாளிக்கு அந்தச் சொல் புரியாது, அதனால் யாருக்கும் குறையில்லை.

கண்டிவரை ஓடிய ரயில் கம்பளைக்கும் வந்ததற்கு அடுத்த வருடம், அதே ரயிலில் புது டாக்டர்துரை வந்து இறங்கினார். இளம் வயது, சுறுசுறுப்பு. ஆஸ்பத்திரியில் இருந்தது இருபத்து நாலு கட்டில், தோட்டங்கள் அனுப்பியதோ நாற்பது பேரை. காய்ச்சலுக்கான கொயினா மருந்து கண்டியிலிருந்து மாதம் ஒரு டப்பா வரும், பாதிப் பேருக்குக் காணாது. யாருக்குக் கொடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது? அவர் ஒரு முறை வகுத்தார். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சிலேட்டு. காலையில் நேற்றைவிட இன்று எப்படி என்று கேட்க வேண்டியது. குணம் என்றால் மேல்நோக்கி ஒரு கோடு, அப்படியே என்றால் கிடைக்கோடு, மோசம் என்றால் கீழ்நோக்கி ஒரு கோடு. கீழ்க்கோட்டுக்காரருக்குக் கொயினாவும் பாலும் உண்டு. தொடர்ந்து மூன்று மேல்கோடு விழுந்தால் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அழகையா முதல் நாள் 'நோ குட்' என்றதும் துரை கோடு போட எடுத்த வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். நேற்றும் நோ குட், இன்றும் நோ குட் என்றால் இதில் எது பெரிய நோ குட் என்று கேட்டார். அதோடு, நீ டாக்டர் இல்லை, அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை மட்டும் சொல் என்றும் கண்டித்தார். அழகையாவுக்குக் காது சிவந்துவிட்டது.

மருந்து கலக்குகிற கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர். அழகையாவைவிடப் பத்து வயது இளையவர். அன்று பின்னேரம் அழகையா அவரிடம் போய் நின்றார். அவர் மேசைமேல் இரண்டு மருந்துப் போத்தல்களை எடுத்து வைத்தார்.

"சின்னச் சொல்லெண்டால் பின்னாலை ஒரு 'அர்' ஒட்டிவிடுங்கோ. ஸ்மோல், ஸ்மோலர். வீக், வீக்கர். நீளச் சொல்லெண்டால் ஒட்டேலாது, முன்னாலை 'மோர்' வரும்."

"மோருங்களா ஐயா?"

"ஓம். பிறகு எதோடை ஒப்பிடுறமோ, அதுக்கு முன்னாலை ஒரு 'தேன்'. இந்தப் போத்தல் ஸ்மோலர் தேன் அந்தப் போத்தல்."

"அப்ப, குட்டுக்குக் 'குட்டர்'தானுங்களே?"

"இல்லை அண்ணை. குட்டுக்குப் பெட்டர், பேட்டுக்கு வர்ஸ்."

"அதென்னங்க, ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், இதுக ரெண்டுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

கணபதிப்பிள்ளை சிரித்தார். "நெடுகப் புழங்கிற சொல்லுகள் சட்டத்துக்கு அடங்காது. ஆனால் உங்களுக்கு இஞ்சை வேண்டியது இந்த ரெண்டுந்தான்."

அழகையாவுக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. நம் பேச்சில் நல்லது எப்போதும் நல்லதுதான். 'அதைவிட இது' என்று பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தினால் வேலை முடிந்தது, சொல் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளாது. இங்கிலீஷில் சொல்லே வேறு ஆளாகிவிடுகிறது. அவர் ஆர்வத்தில் 'மோர் பெட்டர்' என்று சொல்லப் போக, "சோத்துக்கு ஒருக்கால் மோர் விட்டால் காணும் அண்ணை, பெட்டருக்குள்ளை ஏற்கனவே மோர் கிடக்குது" என்று திருத்தினார் கணபதிப்பிள்ளை.

வீட்டில் வேலாயி கஞ்சி கிண்டிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் குந்தி மனப்பாடம் செய்தார்.

"மோரும் தேனுமா? தொரைமாரு ஆசுபத்திரி நடத்துறாங்களா, அடுப்படி நடத்துறாங்களா?" என்று அவள் சிரித்தாள். ஆனால் அவர் சொல்லச் சொல்ல அவளும் பிடித்துக்கொண்டாள். அகப்பை இரண்டைத் தூக்கிக் காட்டி 'இது பிக்கர்' என்பாள். கஞ்சி கொதித்தால் 'ஹாட்டர்' என்பாள். உப்பு சரியாக இருந்தால் 'பெட்டர்'. வர்ஸ் என்ற சொல்லுக்கு அவர் அர்த்தம் சொன்ன உடனே மட்டும் முகம் மாறிவிட்டது.

"அந்த வார்த்தை இங்க வேணாங்க. அடுப்பு எரியுற எடம்."

அவர் அதற்குப் பிறகு அந்தச் சொல்லை வீட்டில் சொல்லவில்லை. அவளுக்குத்தான் அது மறக்கவே இல்லை.

ஒரு வாரத்தில் அழகையா தேறிவிட்டார். துரை கேட்பார், இவர் கேட்பார், 'தேவலைங்க' என்று வரும், இவர் "பெட்டர் தேன் எஸ்டர்டே, சார்" என்பார். துரைக்கு வாயெல்லாம் பல். வேலை எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. மூக்கையா என்ற தோட்டத்து ஆளுக்கு வயிற்றுக்கடுப்பு. மூன்று நாள் காலையிலும் 'தேவலைங்க' என்றார், மூன்று மேல்கோடு விழுந்தது. நாலாம் நாள் தோட்டத்துக்குத் திரும்பி நடந்தவர், மூன்றாவது மைலில் ஒரு மதகின்மேல் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்த அன்று அழகையா சாப்பிடவில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு மனிதனைக் கொன்றுவிட்டோமே என்று குமைந்தார். அடுத்த நாள் கட்டில் கட்டிலாகப் போய், "உள்ளத உள்ளபடி சொல்லுங்க, கூடியிருந்தா கூடியிருக்குன்னு சொல்லுங்க, அப்பத்தான் மருந்து கெடைக்கும்" என்று கெஞ்சினார். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலம்மா என்கிற பெண் எழுந்துவிட்டாள்.

"ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க! பெத்தவ வாயால அதச் சொல்லச் சொல்றியா? மருந்து கெடைக்காட்டிப் போகுது."

அவளைக் கோபிக்க அவரால் முடியவில்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அவரும் கடைசிவரை தேவலை என்றுதான் சொன்னார்.

பிறகு ஒரு வழி தோன்றியது. எப்படி இருக்கிறது என்று கேட்டால்தானே பொய் வருகிறது? "நேத்து எத்தனை தடவ வெளிய போனீங்க? இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டார். எண்ணிக்கை சொல்வதில் தோஷம் இல்லை போலிருக்கிறது, சனம் தயங்காமல் சொன்னது. நேற்று எட்டு, இன்று பதினொன்று. அழகையா திரும்பி "வர்ஸ், சார்" என்றார். கீழ்க்கோடு விழுந்தது, மருந்து வந்தது. காய்ச்சல்காரரிடம் எத்தனை தடவை குளிர் நடுக்கியது என்று கேட்டார். பாலம்மாவின் மகள் எழுந்து உட்கார்ந்தாள். மூக்கையா கிடந்தபோதே இது தோன்றவில்லையே என்ற வருத்தம் இருந்தாலும், அந்த இரண்டு மூன்று மாதம் அழகையா தலை நிமிர்ந்து நடந்தார். அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஐப்பசி மழையில் மகாவலி ஆறு கரை புரண்டது. தண்ணீர் வடிந்ததும் காய்ச்சல் பரவியது. வேலாயி கஞ்சிப் பானையைத் தூக்கி வரும்போது நடுக்கம் வந்து பானையைப் போட்டுவிட்டாள். பெண்கள் பக்கத்தில் கடைசிக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்தார்கள். அன்று முழுக்க அழகையா பக்கத்திலேயே இருந்தார். நாலு தடவை குளிர் வந்தது. இரண்டு சாக்கைப் போட்டு மூடி, மேலே தன் உடம்பையும் சாய்த்து அமுக்கிப் பிடித்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமாங்க?" என்றாள் அவள், நடுக்கம் விட்டபோது. "காலையில தொரை வந்து கேப்பாரு. என் காதுபட அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதீங்க. எந்தப் பாஷையில சொன்னாலும் எனக்கு வெளங்கிரும்."

"சும்மா கெட புள்ள. நான் எதுக்குச் சொல்றேன்?"

காலையில் துரை வெண்கட்டியோடு வந்து நின்றார். கட்டிய மனைவியிடம் அழகையா அந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்டார்.

"நேத்தைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு, வேலாயி?"

"தேவலைங்க."

"எத்தனை தடவ குளிர் வந்துச்சு?"

"ஒரு தடவ."

அந்தக் கேள்வி எதற்கென்று அவளுக்கும் தெரியும். கணவனுக்கு வேலை சுலபமாகட்டும் என்று எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், சிரிக்கவும் செய்தாள். துரை திரும்பி அழகையாவைப் பார்த்தார். அவள் துரையைப் பார்க்கவில்லை, கணவனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வர்ஸ் என்ற சொல் அழகையாவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. முன்பு மற்றவர்களுக்காக எத்தனை தடவை சொன்ன சொல்!

"பெட்டர், சார்" என்றார்.

மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துப் பிசகு இல்லை. துரை மேல்கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இரண்டாம் நாள் எப்படியாவது சொல்லிவிடுவது என்றுதான் போனார். அவள் கண்ணைப் பார்த்ததும் மறுபடியும் பெட்டர் வந்தது. துரை வேலை முடித்துக் குதிரை ஏறும்போது பின்னாலேயே ஓடி, விறாந்தைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது? சொன்னதைச் சொல்கிறவன் என்று துரை நம்பியிருக்கிறாரே. சொந்தப் பெண்சாதிக்கு மருந்து பிடுங்க வந்தான் என்று நினைத்துவிட்டால்? இவையெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். நாளைக்கு நிஜமாகவே குணமாகிவிடும், நாம் ஏன் நம் வாயால் கெடுக்க வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல்தான் அவரைக் கட்டிப்போட்டது. குதிரை போய்விட்டது.

"இன்னைக்கும் நல்லதாத்தான் சொன்னீங்க" என்றாள் வேலாயி அன்று பின்னேரம். "அதக் கேட்டதுல கொஞ்சம் தெம்பா இருக்கு."

மூன்றாம் நாள் காலை மூன்றாவது மேல்கோடு விழுந்தது. அந்தக் கட்டிலுக்காக வெளியே வேறொரு பெண் காத்திருந்தாள். வேலாயியைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அழகையா குனிந்தபோது அவள் விடவில்லை. தேவலை என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனால் சனம் சிரிக்கும் என்றாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று நின்று, மண் அறைவரை நடந்தே வந்தாள்.

மத்தியானத்துக்குமேல் அவள் பிதற்றத் தொடங்கினாள். அழகையா ஓடிப்போய்க் கணபதிப்பிள்ளையைக் கூட்டிவந்தார். அவர் நெற்றியில் கை வைத்ததும் பதறிவிட்டார்.

"என்ன அண்ணை இது? ஏன் வாய் திறந்து சொல்லேல்லை? ஒரு சொல்லுத்தானே!"

துரையைக் கேட்காமலே டப்பாவைத் திறந்து கொயினாவைக் கரைத்துக் கொண்டுவந்து அவள் வாயில் ஊற்றினார். பாதி வெளியே வழிந்தது. துரைக்கு ஆள் போனது. துரை வந்து, தரையில் மண்டியிட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

"த்ரீ டேஸ், சார்."

மூன்று நாளும் நீ பெட்டர் என்றுதானே சொன்னாய் என்றார் துரை. கோபம்கூட இல்லை, நம்ப முடியாதவர் மாதிரிக் கேட்டார். பேச்சுச் சத்தத்தில் வேலாயி கண்ணைத் திறந்தாள். துரையைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிடப் பார்த்தாள், கை வரவில்லை. உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

அழகையா குனிந்து காதைக் கொடுத்தார்.

"ஷீ ஸேஸ் பெட்டர், சார்" என்றார்.

விளக்கு வைக்குமுன் அவள் போய்விட்டாள்.

எட்டு நாள் கழித்து அழகையா வேலைக்கு வந்தார். அன்று காலை துரை கட்டில் பக்கத்தில் எதுவும் கேட்கவில்லை. சுற்றி வந்து முடித்து, அழகையாவை விறாந்தைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். இனி இங்கே சொல், அவர்கள் சொல்வதை அல்ல, நீ கண்டதைச் சொல் என்றார். கட்டிலிலிருந்து விறாந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு தப்படி இருக்கும். எந்தக் காதுக்கும் எதுவும் கேட்காது. இதை நாமே கேட்டிருக்கலாமே என்று அழகையாவுக்கு அப்போதுதான் தோன்றியது. அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலாகச் சொன்னார். அன்று ஏழு வர்ஸ் சொன்னார்.

அந்த ஏழில் ஒருவர் பொன்னையா. அவர் மனைவி ரத்தினம்மா கதவருகிலேயே காத்திருந்து அழகையாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொரைகிட்ட என்ன தம்பி சொன்னீங்க?"

"தேவலைன்னு சொன்னேன், அக்கா."

உள்ளே கணபதிப்பிள்ளை பொன்னையாவுக்குக் கொயினா ஊற்றிக்கொண்டிருந்தார். பொன்னையா ஒன்பது நாள் கிடந்தார், ஒன்பது நாளும் ரத்தினம்மா கேட்டாள், ஒன்பது நாளும் அழகையா அதையே சொன்னார். பத்தாம் நாள் புருசனும் பெண்சாதியுமாகத் தோட்டத்துக்குப் புறப்பட்டார்கள். போகுமுன் ரத்தினம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்து, அழகையாவைக் கும்பிட்டாள்.

"எல்லாம் ஒங்க வாய் முகூர்த்தம் தம்பி. நீங்க தேவலை தேவலைன்னு சொல்லித்தான் எம்புருசன் எந்திரிச்சு நடக்குறாரு. நல்ல வாய் ஒங்களுக்கு."

அதே வாயால்தான் அழகையா வேலாயிக்கும் மூன்று நாள் சொன்னார். ரத்தினம்மா வாசலைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு, விறாந்தைத் தரையில் அப்படியே உட்கார்ந்து, வந்த போன சனமெல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதார்.